தூக்கி அடிச்சிருந்தா?

நான் கோச்சா இருக்கிற ஃபுட்பால் டீமோட ஞாயிற்றுக்கிழமை மேட்ச்ல, எங்க கீப்பர் பந்தைத் தூரமா தூக்கி அடிக்காம கிட்டத்துல போட்ட பாஸ் பறிபோய் கோல் விழுந்ததைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். அந்த வீடியோ மூணாவது வாட்ஸப் குரூப்லயும் சிரிப்புப் பொம்மையோட வந்து விழுந்ததும் பொறுக்கல. "சேலத்துல உக்காந்துக்கிட்டு பார்சிலோனா ஆட்டம் ஆடறானுங்க." "கீப்பர் தூக்கி அடிச்சிருந்தா முடிஞ்சது கதை." சரிங்க அண்ணன்களே.

வீடியோ ஆறு செகண்டு. கீப்பர் பாஸ் போடறதுல ஆரம்பிக்குது. ஆனா கோல் அதுக்குப் பத்து செகண்டு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. வெட்டி அனுப்பின புண்ணியவானுக்கு அது தெரியுமா, தெரியல.

அது கோல் கிக், அதாவது எதிராளி பட்டு நம்ம கோல் லைனுக்கு வெளிய போன பந்தை நாம கோல் முன்னாடி இருந்து உதைச்சு ஆரம்பிக்கிறது. 2019ல விதி மாறினதுல இருந்து பந்து பாக்ஸை (கோல் முன்னாடி இருக்கிற பெனால்டி கட்டத்தை) விட்டு வெளிய வரணும்னு அவசியமில்ல. நம்ம ஸ்டாப்பர், அதாவது நடு டிஃபெண்டர், ரெண்டு பேரும் உள்ளயே நின்னு வாங்கலாம். எதிராளி மட்டும் பந்தை உதைக்கிற வரைக்கும் வெளிய நிக்கணும். அவங்க பார்வர்டு ரெண்டு பேர், நம்ம கீப்பரோட சேர்த்து மூணு பேர். ஒருத்தன் எப்பவும் சும்மா நிப்பான், அவனைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை. பாக்ஸோட அகலம் நாப்பது மீட்டர். ஸ்டாப்பருங்க ஆளுக்கொரு ஓரமா விலகி நின்னா ரெண்டு பேரால மூணு பேரை மறிக்கவே முடியாது. நம்மாளுங்க பத்து மீட்டர் இடைவெளியில நின்னாங்க. ஒரே பார்வர்டு ரெண்டு ஸ்டாப்பரையும் பார்த்துக்கிட்டான். முதல் தப்பு அது. கீப்பர் தப்பில்ல.

அடுத்தது, வலது பேக் ஸ்டாப்பருக்கு நேர்கோட்டுல, ஓரக்கோட்டைப் பார்த்தபடி நின்னு வாங்கினான். பிரஸ் பண்றவன், அதாவது பந்தைப் பறிக்க நெருக்கி ஓடி வர்றவன், காத்திருக்கிறதே இதுக்குத்தான். பந்து ஓரத்துக்குப் போனா டச் லைனும் அவங்களுக்கு ஒரு டிஃபெண்டர். எகிறி வர்ற பந்து, முதுகு காட்டி வாங்கற ஆள், கீப்பருக்குத் திரும்பற பாஸ், இதெல்லாம் "இப்ப ஓடு"ங்கற சிக்னல். ஏற்காட்டுல இருந்து இறங்கி வந்த அந்த எதிர் டீம் பசங்க ஒவ்வொரு சிக்னலுக்கும் மூணு பேரா ஓடினாங்க. அதைப் பாராட்ட ஒரு கமெண்டு இல்ல.

பந்து ஸ்டாப்பர் வழியா துள்ளிக்கிட்டே கீப்பருக்கு வந்துது. பாக்ஸ் முன்னாடி நம்ம சென்டர் (நடுவுல ஆடற மிட்ஃபீல்டர்), எதிராளி பார்வர்டு மறைக்கிற நிழல்ல, தோளுக்குப் பின்னாடி ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்காம நின்னான். கீப்பரோட பாஸ் அவனுக்குத்தான் போச்சு. அவன் ரெண்டு மீட்டர் பக்கவாட்டுல நகர்ந்து, உடம்பைப் பாதி திருப்பி, எதிராளிக்குத் தூரமான கால்ல வாங்கியிருந்தா அந்த பாஸே வேற பாஸ். பாஸ்ல தப்பில்ல, பாஸுக்கு முன்னாடி நின்ன நிலையில தப்பு. இதை நூறு தடவை சொல்வேன்.

கீப்பருக்கும் கால்வாசிப் பொறுப்பு இருக்கு, சரி. சென்டர் மூடியிருந்தா அவனுக்குத் தராம அவனைத் தாண்டி மேல, பார்வர்டுக்குப் பின்னாடி ஆடற பத்தாம் நம்பருக்கு அடிக்கணும். அவர் ஒரே தட்டுல சென்டருக்குத் திருப்பி வைப்பார். இப்ப சென்டர் முன்னாடி பார்த்து நிக்கறான், பிரஸ் பண்ண வந்தவங்க பின்னாடி மாட்டிக்கிட்டாங்க. மூணாவது ஆள்னு நாங்க சொல்றது இதைத்தான்.

"அப்ப தூக்கி அடிக்கவே கூடாதா?" அடிக்கலாம். எதிராளி ஆளுக்கு ஆள் பிடிச்சு, அவங்க பின்வரிசையும் நடுக்கோடு வரைக்கும் ஏறி வந்தா அடிக்கத்தான் வேணும். கோல் கிக்ல நேரா வாங்கறவனுக்கு ஆஃப்சைடும் கிடையாது. ஆனா பந்து விழற இடத்தைச் சுத்தி பத்து மீட்டருக்குள்ள நம்மாளு மூணு பேர் இருக்கணும். இல்லாட்டி அது கிளியர் பண்றதில்ல, தானம் பண்றது. முதல் பாதியில பன்னெண்டு தடவை தூக்கி அடிச்சோம், ஒன்பது தடவை பந்து அவங்ககிட்ட. அதுக்கு யாரும் வீடியோ போடல.

"நம்ம செம்மண்ல பந்து துள்ளும்." நியாயம். அதனாலதான் இருபது மீட்டர் பாஸைப் பன்னெண்டா குறைக்கச் சொல்றோம். மழை பெஞ்ச கிரவுண்டுல நானே வேண்டாம்னுடுவேன்.

தட்டு வடை செட் கடையில ஒருத்தர் என்னை நிறுத்தி வெச்சு, இங்கிலாந்து கிளப் பிரைட்டன்ல டி செர்பி கோச்சா இருந்தப்ப அவங்க டிஃபெண்டர் டங்க் பந்து மேல காலை வெச்சு எதிராளியை இழுத்த அழகைப் பத்தி அரைமணி நேரம் பேசினவர். வீடியோ கீழ முதல் சிரிப்பு அவரோடது! 2016ல பார்சிலோனாவுக்கு எதிரா மான்செஸ்டர் சிட்டி கீப்பர் பிராவோ தப்பான பாஸ் போட்டு, பாக்ஸுக்கு வெளிய பந்தைக் கையால தடுத்து, சிவப்பு அட்டை வாங்கி, டீம் 4-0ன்னு தோத்தது. அவங்க கோச் கார்டியோலா தூக்கி அடிக்க மாறல. அடுத்த சீசன்ல 100 பாயிண்ட். "கீப்பரை மாத்தினாரே"ன்னு கேப்பீங்க. மாத்தினார், முறையை மாத்தல. எங்ககிட்ட அவர் வாங்கின புது கீப்பர் எடர்சன் மாதிரி ஆளை வாங்கப் பணமும் இல்ல, இந்தப் பையனை விட்டா வேற கீப்பரும் இல்ல.

பதினாறு வயசுங்க. திங்கக்கிழமை பிராக்டீஸுக்கு வரல. "சளி"ன்னு அவங்க அம்மா போன்ல சொன்னாங்க. நான் வக்காலத்து வாங்கறேன்னு சொல்றீங்க, வாங்கறேன்தான். திட்டறதுன்னா ஸ்டாப்பர் இடைவெளியைச் சொல்லித்தராத என்னைத் திட்டுங்க, என் பக்கம் இங்கதான் இருக்கு.

புதன் சாயங்காலம் அஞ்சரைக்கு, பாக்ஸுக்குள்ள கீப்பரோட சேர்த்து ஏழு பேர், எதிர்ல பிரஸ் பண்ண அஞ்சு பேர்னு ஆடப்போறோம். அஞ்சுல ரெண்டு ஆள் குறையுது. சிரிப்புப் பொம்மை போட்ட அண்ணன்கள் யாராவது பூட்ஸ் மாட்டிக்கிட்டு வாங்க.