சக்கர் மீனைப் பட்டினி போடாதீர்கள்

மீன் தொட்டியில் வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேயும் சக்கர் மீனைப் பற்றி, "சக்கர் மீன் மற்ற மீன்களின் கழிவைத் தின்றே வாழும். காய் தொடவில்லை என்றால் இரண்டு வாரம் பட்டினி போடுங்கள், தானாகத் தின்னும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு அண்ணே. கழிவு அதற்கு உணவே இல்லை. கண்ணாடியில் இருக்கும் பாசியும் சின்னத் தொட்டியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் அந்த மீன் மெதுவாக மெலியும், வயிறு உள்வாங்கும், கண் குழி விழும். அந்த நிலைக்குப் போனால் பிழைப்பது கஷ்டம்.

காயைத் தொடாததற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. இது இரவில் மேயும் மீன். காலையில் பச்சையாக ஒரு துண்டைப் போட்டால் அது மேலே மிதக்கும், அடியில் இருக்கும் மீனுக்கு எட்டாது. அண்ணா நகர் உழவர் சந்தையில் கிடைக்கும் பூசணி, பீர்க்கங்காய் எதுவானாலும் நன்றாகக் கழுவித் தோல் சீவுங்கள். உப்புப் போடாத கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ஆறியதும் எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி, விளக்கை அணைத்த பிறகு அடியில் இறக்குங்கள். மிச்சத்தைக் காலையில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் சீக்கிரம் கெடும்.

முதல் நாளே தின்னாது. ஒரு வாரம், பத்து நாள் விடாமல் வையுங்கள். அதுவரை அடியில் அமிழும் வில்லைத் தீவனத்தை நிறுத்தவே கூடாது. வெள்ளரி மட்டும் போதாது, அது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். சக்கர் மீனிலேயே வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஸீப்ரா பிளெக்கோ என்ற வகையை வைத்திருந்தால் காய்க்கு வற்புறுத்தவே வேண்டாம், அதற்கு மாமிச உணவுதான் முக்கியம்.