காந்தத் துகள் செல்லைக் கிழிக்காது
எம்ஆர்ஐ ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்தில் காந்த நானோ துகள் (மிக மிக நுண்ணிய துகள்) இருக்கிறது, எம்ஆர்ஐ காந்தம் இழுத்ததும் செல் சவ்வு கிழிந்துவிடும், ஸ்கேனுக்காகக் கோவைக்கு இறங்காதீர்கள் என்று கோத்தகிரி அக்காவிடம் மேலே உள்ள பதிவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. இப்படிப் பயமுறுத்தி ஸ்கேனைத் தள்ளிப்போட வைப்பது கொடுமை.

பொதுவாக ஏற்றுவது காடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து. அது துகளே அல்ல. பெரும்பாலும் செல்லுக்குள் போகாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள் அக்கா.

அப்புறம், இரும்பு ஆக்சைடு துகளே ஆனாலும் ஊசி மாதிரி குத்தாது. ரத்தப் புரதங்கள் அதன்மேல் படியும். சுமார் 5 நானோமீட்டரே கனமுள்ள சவ்வு உள்ளே மடிந்து, அதைப் பையாகச் சுற்றி விழுங்கும். பிறகு இரும்பு மெல்லக் கரைந்து உடலின் இரும்போடு சேரும். நேர் மின்னூட்டப் பூச்சுள்ள துகள்கள் சவ்வைச் சேதப்படுத்தலாம், உண்மைதான்; ஆனால் மருந்துத் துகள்களுக்கு டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைப் பூச்சு கொடுக்கிறார்கள்.