ஐஸ்கிரீம் பிடுங்குகிற ஹைட்

நம் படக் குழுவின் சனிக்கிழமை திரையிடலுக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். வராதவர்கள் இன்பாக்ஸில் வந்து யார், எவர் என்று கேட்க வேண்டாம். பெயர் சொல்ல மாட்டேன்.

ஸ்டான் லாரலின் இரண்டு ரீல் சிரிப்புப் படம். இருபது நிமிஷம் சொச்சம். பாதிகூட ஓடவில்லை. "இது வெறும் கோமாளித்தனம், சீரியஸ் படத்துக்குப் போயிடலாம்" என்று நிறுத்திவிட்டார்கள். அதுவரை அந்த அறையில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். திரும்பி ஒரு பார்வை பார்த்தார்களே, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தியவனைப் பார்ப்பதுபோல!

ஸ்டான் லாரல், ஹார்டியோடு ஜோடி சேர்வதற்கு முன்பு, 1925ல் நடித்த 'டாக்டர் பிக்கிள் அண்ட் மிஸ்டர் பிரைட்'. ஸ்டீவன்சன் எழுதிய ஜெக்கில்-ஹைட் கதையின் கேலி. மருந்து குடித்துக் கொடியவன் ஹைடாக மாறுகிற டாக்டர் ஜெக்கில், இங்கே 'பிக்கிள்', அதாவது ஊறுகாய் டாக்டர். அதே கதையின் 1920 படத்தில் நடிகர் ஜான் பேரிமோர் முகத்தையும் உடம்பையும் முறுக்கியே ஹைடாக மாறினார் என்று இன்றும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். லாரலும் அதே முறுக்கைத்தான் செய்கிறார். அதே கூனல், அதே விரல்கள். ஒரு படத்தை வரி வரியாகப் பார்த்தவனால்தான் அதை இப்படிக் கேலி செய்ய முடியும். கேலி செய்பவனுக்கு மூலம் தெரியாது என்பவருக்குத்தான் மூலம் தெரியாது.

மருந்து குடித்துப் பூதமாக மாறியவன் என்ன அக்கிரமம் செய்கிறான்? ஒரு பையனின் ஐஸ்கிரீமைப் பிடுங்குகிறான். ஒரு பெண்மணியின் பின்னால் காகிதப் பையை ஊதி உடைக்கிறான். இதற்கு ஊரே திரண்டு துரத்துகிறது.

"ஸ்டீவன்சனை அவமதிக்கிறது" என்றார் ஒருவர். ஐயா, 1886ல் வந்த அந்தக் கதையைக் கடைசி வரை படித்தீர்களா? ஹைட் தன்னிடம் குரங்குச் சேட்டை செய்கிறான் என்று ஜெக்கிலே புலம்புகிறார். அவருடைய புத்தகங்களில் அவர் கையெழுத்திலேயே கண்டதைக் கிறுக்கிவைக்கிறான், கடிதங்களைக் கொளுத்துகிறான், அவர் அப்பாவின் படத்தைக்கூட நாசம் செய்கிறான். சேட்டை மூலத்திலேயே இருக்கிறது. லாரல் அதைப் படித்தாரோ இல்லையோ, சரியாகப் பிடித்திருக்கிறார்.

அப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. என் அப்பா அரிசி மில்லில் கணக்குப் பார்த்தவர். வீட்டில் அளந்துதான் பேசுவார். டிவியில் லாரல் தலையைச் சொறிந்துகொண்டு அழ ஆரம்பித்தால் மட்டும், வெற்றிலை வாயோடு சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரிப்பார். ஒருநாள் பெரியப்பா வந்தவர், "என்னடா இது, சின்னப்பிள்ளை மாதிரி" என்றார். அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்தார். அதன்பிறகு யாராவது வீட்டில் இருந்தால் அதைப் போட்டதே இல்லை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

"அப்படியொன்றும் லாரலின் உச்சம் இல்லையே" என்பீர்கள். இல்லைதான். சில இடங்களில் இழுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உச்சம் மட்டும்தான் போடுவோம் என்றால் போன மாதம் மூன்று மணி நேரம் மூடுபனியைக் காட்டினீர்களே, அது என்ன? "நேரமில்லை" என்பீர்கள். டீ இடைவேளை இருபத்தைந்து நிமிஷம் போனது. நான் கடிகாரம் பார்த்தேன்.

1920ல் ஜெர்மனியில் இயக்குநர் முர்னாவும் இதே கதையை எடுத்தார். அந்தப் படம் தொலைந்துபோயிற்று, இன்றுவரை கிடைக்கவில்லை. உங்கள் சீரியஸ் படம் காணாமல் போய்விட்டது, என் கோமாளிப் படம் நூறு வருஷம் தாண்டி நம் அறை வரைக்கும் வந்து சேர்ந்தது. வந்ததை நாம் பாதியில் அணைத்தோம். கோபப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சிரிக்கிறவனுக்கு விவரம் போதாது என்று எந்த ஊர்ச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால் ரசனை வந்துவிடுமா? பேரிமோர் படம் போட்டபோது கொட்டாவி விட்டவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். நான் கடைசி வரிசை.

மீதிப் படத்தை ராத்திரி வீட்டில் போனில் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை நாற்காலி எடுத்துப்போட இரண்டு பேர் வேண்டும் என்று குரூப்பில் மெசேஜ் வந்திருக்கிறது. வழக்கமாக நான்தான் போவேன். இன்னும் பதில் போடவில்லை.