ஆடித் தள்ளுபடிக் கணக்கு

ஆடி வந்தால் போதும், துணிக்கடை வாசலில் "50% + 20% தள்ளுபடி" என்று ஆளுயரப் பலகை. பார்க்கிறவர்கள் எல்லாம் 70% என்று கூட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அட, அந்த 20% மீதிப் பாதிக்குத்தானே! 1000 ரூபாய்ச் சேலை 500 ஆகி, அதில் 100 குறைந்து 400. ஆக மொத்தம் 60% தான். அதை அப்படியே எழுதினால் என்னவாம்?

பங்குச் சந்தை பேசுகிறவர்கள் இன்னொரு ரகம். "40% இறங்கியது, 40% ஏறிவிட்டது, போட்டது வந்துவிட்டது" என்கிறார்கள். 100 ரூபாய் 60 ஆகி, அந்த 60-க்கு 40% ஏறினால் 84 தான் சாமி! பழைய இடத்துக்கு வரவே கிட்டத்தட்ட 67% ஏற வேண்டும். எதற்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் மட்டும், "ரொம்ப யோசிக்காதீங்க சார்" என்று ஒரு சிரிப்பு.