என்ன பூச்சி என்று பார்க்காமலே மருந்தடிக்க வருகிறவர்களுக்கு

குளவிக் கூடு எடுக்க ஆள் கூப்பிட்டால், வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது அது என்ன பூச்சி என்று பார்ப்பது. அதைத்தான் செய்ய மாட்டேன் என்கிறார்கள். "குளவியா? சரி, மருந்தடிச்சிடலாம்" என்பதோடு போன் பேச்சு முடிந்துவிடுகிறது. கூடு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு, மூடின கூடா திறந்த கூடா, வீட்டில் யாருக்காவது கொட்டினால் ஒத்துக்கொள்ளாதா... ஒரு கேள்வியும் கிடையாது. கேட்பது முன்பணம் மட்டும்.

எங்கள் மாடிச் சன்ஷேடுக்கு அடியில் இருந்தது கதண்டுக் கூடு; கதண்டு என்பது கூட்டமாக வாழும் பெரிய குளவி. பழுப்பும் சாம்பலுமாக வரி வரியாகக் காகித உறை, பக்கவாட்டில் ஒரே ஒரு ஓட்டை, அந்த ஓட்டையில் எந்நேரமும் ஒரு முகம் காவல். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். அதற்கு ஆள் வந்தது நட்டநடுப் பகலில். பாதுகாப்பு உடை கிடையாது. அரைக்கைச் சட்டை, மூக்கின் மேல் ஒரு கைக்குட்டை. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. ஏணியில் ஏறினார், ஓட்டையை விட்டுவிட்டு உறையின் மேல் மருந்தைப் பீய்ச்சினார், பூச்சி கிளம்பியதும் குதித்து ஓடிவிட்டார். மாட்டிக்கொண்டது யார்? மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி. இமையில் ஒரு கொட்டு, கழுத்தில் இரண்டு. கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. "ஒண்ணு ரெண்டு கொட்டத்தான் சார் செய்யும்" என்றார் அந்த ஆள். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஒன்று இரண்டு என்று அலட்சியமாகப் பேச இது கொசு இல்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும். சில நிமிடத்தில் நாக்கும் தொண்டையும் வீங்கி, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உடனே அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும். ஒவ்வாமையே இல்லாதவரைக்கூட கதண்டுக் கூட்டம் மொய்த்துக் கொட்டினால் தசை சிதைந்து, சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். தேனீயின் கொடுக்கில் முள் உண்டு, தோலில் மாட்டி அறுந்துவிடும், அந்தத் தேனீயும் செத்துவிடும். கதண்டுக்கு அந்தத் தடை இல்லை. ஒன்றே உருவி உருவித் திரும்பத் திரும்பக் கொட்டும். கூட்டைச் சீண்டினால் அவை வெளிவிடும் ஒரு வாசனை மற்றவற்றையும் கிளப்பிவிடும். இதெல்லாம் இந்தத் தொழிலின் பாலபாடம். இது தெரியாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏன் வருகிறார்கள்?

பகலில் கூட்டத்தில் ஒரு பகுதி இரை தேடி வெளியே போயிருக்கும். உள்ளே இருப்பதை மட்டும் கொன்றால், வெளியே போனவை திரும்பி வந்து கலைந்த கூட்டைச் சுற்றிச் சுற்றி வரும், எதிரில் யார் வந்தாலும் பாயும். அதனால்தான் இருட்டின பிறகு, எல்லாம் கூடு அடைந்த பிறகு, முழு உடையோடு போய் வேலையைச் செய்ய வேண்டும். பூச்சிக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது என்பதால் விளக்குக்குச் சிவப்புத் தாள் கட்டுவார்கள். தூள் மருந்தை அந்த ஓட்டை வழியே உள்ளே செலுத்தினால் பூச்சிகளே அதை மிதித்துக் கூடு முழுக்கப் பரப்பிவிடும். இதற்குத் தேவை பொறுமையும் ஒரு சாயங்காலமும். அதுகூட இல்லை என்கிறார்கள்.

சுவருக்குள் கூடு இருந்தால் இன்னும் மோசம். ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே உயிரோடு இருப்பவை வேறு வழி தேடி அறைக்குள் வரும்.

எதைக் கண்டாலும் அதே மருந்து என்பதுதான் என்னை உலுக்குகிறது. ஜன்னல் மூலையில் மண்ணால் கூடு கட்டுகிற குளவி தனியாள். சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து, கூட்டின் ஒவ்வொரு சிற்றறையிலும் அடைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கூட்டைக் காக்க ஒரு படை கிடையாது, மனிதரைக் கொட்டுவதும் அபூர்வம். பழைய கரண்டியால் சுரண்டி எடுத்தால் முடிந்தது. அதற்கும் அறை முழுக்க மருந்தடித்துக் காசு வாங்குகிறார்கள்.

தேனீ விஷயத்தில் செய்வது கொடுமை. சுவர் இடுக்கில் இருக்கும் தேனீக்களைக் கொன்றுவிட்டு அடையை அப்படியே விட்டுப் போகிறார்கள். இறக்கையால் விசிறி அடையைக் குளிர்ச்சியாக வைத்திருந்தவை செத்துவிட்டன. வெயிலில் மெழுகு இளகித் தேன் சுவரில் வழியும், எறும்பு வரும், மெழுகுப்புழு வரும், நாற்றம் வரும். மருந்து கலந்த தேனை மற்றத் தேனீக்கள் எடுத்துப் போனால் அந்தக் கூடும் போச்சு. தேனீ வளர்ப்பவரைக் கூப்பிட்டால் பல சமயம் அவர் உயிரோடு எடுத்துக்கொண்டு போவார். மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டம் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே கிளம்பிவிடும். இதைச் சொன்னால் வருமானம் போய்விடும் என்று வாயே திறப்பதில்லை.

மருந்தடித்த அன்றைக்கே "வேலை முடிஞ்சது" என்று கையெழுத்து வாங்குகிறார்கள். கூட்டின் மூடிய சிற்றறைகளுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களுக்கு மருந்து எட்டியிருக்காது. அவை பின்னால் வெளியே வரும். கூட்டை இறக்கி எடுக்க வேண்டும், அல்லது திரும்ப வந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2019இல் ராட்சதக் கதண்டு தென்பட்டது. 2020 அக்டோபரில், பிடித்த கதண்டின் உடம்பில் நூலால் சின்ன ரேடியோ கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, பின்னாலேயே போய், மரப்பொந்தில் இருந்த கூட்டைக் கண்டுபிடித்தார்கள். தடித்த உடை போட்டுக்கொண்டு உறிஞ்சு குழாயால் எடுத்தார்கள். 2024 டிசம்பரில் அங்கே அந்த இனம் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். நான் ரேடியோ கருவி கேட்கவில்லை. ஏணி ஏறும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள் என்கிறேன்.

பாட்டியின் வைத்தியச் செலவைக் கேட்டபோது, கேரண்டியில் மறுபடி மருந்தடிப்பது மட்டும்தான் வரும் என்றார்கள். அப்புறம் அதே மூச்சில் வருஷ கான்ட்ராக்ட் பேச ஆரம்பித்தார்கள். அவர்களை மறுபடி வாசலில் ஏற்ற மாட்டேன். நீங்கள் ஆள் கூப்பிடுவதாக இருந்தால் போனிலேயே கேளுங்கள்: எத்தனை மணிக்கு வருவீர்கள், என்ன உடை போடுவீர்கள், கூட்டை இறக்குவீர்களா, திரும்ப வந்து பார்ப்பீர்களா? மழுப்பினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.