காகிதக் குடை மழையில் கரைந்துவிடுமா?

ஜப்பானியரின் காகிதக் குடைகள் வெறும் அலங்காரப் பொருள்கள் என்றும், ஒரு தூறல் விழுந்தாலே கரைந்துவிடும் என்றும் படத்துடன் பரவிவரும் செய்தி தவறானது.

மழைக்கென்று செய்யப்படும் குடையில், மல்பெரி வகைச் செடியின் பட்டை நாரிலிருந்து எடுத்த காகிதத்தை மூங்கில் கம்பிகளின்மேல் ஒட்டி, அதன்மீது ஆளிவிதை எண்ணெய் போன்ற, உலரும் தன்மையுள்ள எண்ணெயைத் தடவி வெயிலில் காயவைக்கிறார்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, நீர் புகாத மெல்லிய படலமாக இறுகிவிடுவதால், மழைத்துளி காகிதத்துக்குள் ஊறாமல் வழிந்தோடுகிறது.

இந்தக் கைத்தொழிலுக்குப் பெயர்பெற்ற கிஃபு நகரில், ஒரே மூங்கில் துண்டைப் பிளந்து எடுத்த கம்பிகளை வரிசை மாறாமல் பொருத்துகிறார்கள். குடையை மடக்கும்போது காகிதம் முழுவதும் உள்ளே ஒடுங்கி, பிளப்பதற்கு முன்பிருந்த அதே மூங்கில் மீண்டும் கைக்கு வந்துவிடுகிறது. இத்தனை நுட்பமான உழைப்பை மழைக்கு உதவாத பொம்மை என்று சொல்வது அந்தக் கைவினைஞர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

இந்தத் தவறான கருத்துக்கு ஒரு காரணமும் இருக்கலாம். வெயிலுக்கும் நடனத்துக்கும் எண்ணெய் பூசாத காகிதக் குடைகளும் அங்கே உண்டு. அவை நனைந்தால் பாழாகும் என்பது உண்மைதான். மழைக் குடையையும்கூட ஈரத்தோடு மடக்கி வைக்கக் கூடாது. நிழலில் விரித்து உலர்த்திய பிறகே மடக்க வேண்டும்.