கின்செயான்யேரா அருளடையாளம் அல்ல

கின்செயான்யேரா என்பது லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) பெண்ணின் 15ஆம் பிறந்தநாளுக்கு எடுக்கும் விழா. குயர் (பால்புதுமையர்) லத்தீனோக்கள் அதைக் கொண்டாடுவது, கத்தோலிக்க அருளடையாளம் (திருமுழுக்கு, திருமணம் போன்ற திருச்சபையின் புனிதச் சடங்கு) ஒன்றைத் திரிப்பதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படியில்லைங்க. பெண்ணின் 15ஆம் பிறந்தநாளுக்குத் திருச்சபை தருவது ஆசி மட்டுமே. அமெரிக்க ஆயர்கள் வெளியிட்ட சடங்குமுறையின் தலைப்பிலேயே 'ஆசி' என்றுதான் இருக்கிறது. திருப்பலி (பூசை) இல்லாமலும் அதை நடத்தலாம். வத்திக்கான் இணையதளத்தில் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1113ஆம் பத்தியைத் திறந்து பாருங்கள். திருமுழுக்கில் தொடங்கித் திருமணத்தில் முடியும் ஏழு பெயர்களில் இது கிடையாது.

குயர் விழாக்களில் பெரும்பாலும் மாறுவது மண்டபத்தில் நடக்கும் குடும்ப வழக்கங்கள்தான். வழக்கமாக, மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி, அப்பா குதிகால் செருப்பை மாட்டிவிடுவார். குயர் விழாவில் அப்பாவுக்குப் பதிலாக அம்மாவோ நெருங்கிய தோழரோ மண்டியிடலாம். 15 வயதில் தம் அடையாளத்தோடு வெளிப்படையாக இருக்க முடியாமல்போன சிலர் 30இல் 'இரட்டைப் பதினைந்து' கொண்டாடுகிறார்கள்.